விறைப்பின் திசையும் வெடிப்பின் வழியும்

பொருட்களின் வலிமை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஓர் எண்ணையே கேட்கிறோம். இந்த உருக்குக் கம்பி எவ்வளவு பாரத்தைத் தாங்கும், இந்தக் கண்ணாடித் தகடு எவ்வளவு பாரத்தில் உடையும் என்பன போன்ற வினாக்களுக்கு ஓர் எண் விடையாகக் கிடைத்ததும் மனநிறைவு கொள்கிறோம். உருக்கு, அலுமினியம், கண்ணாடி முதலியவற்றைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் போதுமானதே. அவை எத்திசையில் இழுக்கப்படினும் ஏறத்தாழ ஒரே விதமாகவே நடந்துகொள்கின்றன. ஆனால், விமானங்கள், காற்றாலை அலகுகள், படகுகள் ஆகியவற்றில் உலோகத்தினதும் மரத்தினதும் இடத்தை எடுத்துக்கொண்டுவரும் இழைக் கூட்டுப்பொருட்களிடம் இவ்வாறு ஓர் எண்ணைக் கேட்பது பயனற்றது மாத்திரமன்று, ஆபத்தானதுமாகும். 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அத்திலாந்திக் கடலின் ஆழத்தில் ஐவர் மாண்ட நிகழ்ச்சி அந்த ஆபத்துக்குச் சான்றாகும். அதனைப் பின்னர் ஆராய்வோம். அதற்கு முன், ஒரு பொருளின் விறைப்பு திசைக்குத் திசை வேறுபடும்போது அதிலே தோன்றும் வெடிப்பு எவ்வழியே செல்கிறது, ஏன் அவ்வழியைத் தெரிவு செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுதல் அவசியம்.

விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல. ஓரலகுப் பரப்பின்மேல் தொழிற்படும் விசையைத் தகைப்பு என்கிறோம். அதனால் ஏற்படும் நீட்சிக்கும் ஆரம்ப நீளத்துக்கும் உள்ள விகிதத்தை விகாரம் என்கிறோம். தகைப்பை விகாரத்தால் வகுக்கப் பெறப்படும் யங்கின் மட்டே விறைப்பின் அளவாகும். ஒரு பொருள் உடையுமுன் தாங்கக்கூடிய உச்சத் தகைப்பு அதன் வலிமை. பிஸ்கற்று விறைப்பானது, ஆயினும் வலிமையற்றது. நைலோன் கயிறு வலிமையானது, ஆயினும் அத்துணை விறைப்பானதன்று. உருக்கின் விறைப்பு எத்திசையிலும் ஏறத்தாழ 200 கிகாபஸ்கால் ஆகும். காபன் இழைகளை எப்பொக்சிப் பிசினிலே ஒரே திசையில் பதித்து ஆக்கிய தகடு ஒன்றை எடுத்துக்கொண்டால், இழைத்திசையில் அதன் விறைப்பு 140 கிகாபஸ்கால் அளவாகவும், இழைக்குக் குறுக்குத் திசையில் 10 கிகாபஸ்கால் அளவாகவும் இருக்கும். ஒரு படை மற்றொன்றின்மேல் வழுக்குவதைத் தடுக்கும் விறைப்பு, அதாவது கொய்வு விறைப்பு, 5 கிகாபஸ்கால் அளவே. ஒரே தகட்டுக்கு மூன்று எண்கள். அவற்றுள் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே 28 மடங்கு வேறுபாடு.

பனைமரம் தறித்தவர்களுக்கு இது புதுமையன்று. மரத்தைக் குறுக்கே தறிக்கக் கோடரி எத்தனையோ முறை விழவேண்டும். தறித்த மரத்தை நெடுக்கே பிளக்க வரிசையாக இறுக்கிய சில ஆப்புகள் போதும். மரமும் ஓர் இழைக் கூட்டுப்பொருளே. செலுலோசு அதன் இழை, இலிக்னின் அதன் பிசின். கோடரியின் கீழே தொடங்கும் பிளவு, கோடரி காட்டும் வழியிலே செல்லாது தும்பின் வழியே ஓடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இந்த ஓட்டத்தின் காரணத்தைக் கணிதத்தால் நிறுவ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது.

எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடைய பொருளில் இருந்து தொடங்குவோம். 1913 இல் சாள்ஸ் இங்கிலிஸ், தகடொன்றில் உள்ள நீள்வட்டத் துளையின் ஓரத்தில் தகைப்பு எவ்வாறு பெருகுகிறது எனக் கணித்துக் காட்டினார். துளை வட்டமாயின் அதன் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகும். துளை ஒடுங்கி ஒரு வெடிப்பின் வடிவை அணுகுந்தோறும் அது பன்மடங்காகும். அவ்வாறாயின் எந்தக் கீறலும் எந்தப் பொருளையும் உடைத்துவிட வேண்டுமே என்ற வினா எழுந்தது. 1921 இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையிலே ஏ. ஏ. கிறிபித் இதற்கு விடை கூறினார். ஒரு வெடிப்பு நீள வேண்டுமாயின் புதிய பரப்புகள் தோன்ற வேண்டும். அதற்குச் சக்தி வேண்டும். நீண்ட பொருளில் சேமிக்கப்பட்டிருக்கும் மீள்சக்தி விடுபட்டு அந்தச் செலவை ஈடுசெய்தாலன்றி வெடிப்பு நகராது. இது வரவு செலவுக் கணக்கு ஒன்றே. வெடிப்பும் வரவு கூடியதும் செலவு குறைந்ததுமான வழியையே நாடுகிறது. இச்சக்திக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்வோமாயின் பின்வருவன யாவும் எளிதாகும்.

திசைக்குத் திசை விறைப்பு வேறுபடும் தகட்டிலே துளை இருந்தால் என்ன நிகழும் என்பதை 1940 களில் சோவியத் அறிஞர் லெக்னிற்ஸ்கி விரிவாக ஆராய்ந்தார். மேலே கூறிய காபன் தகட்டின் எண்களை அவரது சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், இழைத்திசையில் இழுக்கும்போது வட்டத் துளையின் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்கன்று, ஏறத்தாழ 6.9 மடங்காகப் பெருகுகிறது. குறுக்குத் திசையில் இழுத்தால் அது 2.6 மடங்கே. காரணத்தைச் சொற்களாலும் கூறிவிடலாம். துளை வெட்டிய இழைகள் சுமந்த பாரம் அயலிலுள்ள இழைகளுக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றும் வேலையைச் செய்வது பிசினின் கொய்வு விறைப்பு. அது மிகக் குறைவாதலால் பாரம் தொலைவிலுள்ள இழைகளுக்குப் பரவாது, துளையை ஒட்டிய ஒரு சில இழைகளின் தலையிலேயே விழுகிறது.

இந்தக் கணக்கை மாத்திரம் நம்பினால், துளையிட்ட ஒருதிசை இழைத் தகடு தன் வலிமையின் ஏழில் ஒரு பங்கிலேயே துளைக்குக் குறுக்காக அறுந்துபோக வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. பரிசோதனையிலே நாம் காண்பது வேறு. பாரம் ஏறும்போது துளையின் இரு பக்க ஓரங்களையும் தொட்டவாறு, இழைகளின் வழியே, மேலும் கீழுமாக நீண்ட பிளவுகள் தோன்றுகின்றன. துளைக்கு நேரேயுள்ள பகுதி இப்பிளவுகளால் தனித்து விடப்படுகிறது; இருமருங்கும் எஞ்சிய கீலங்கள் துளையே இல்லாத கீலங்கள் போலப் பாரத்தைச் சுமக்கின்றன. ஆபத்தை ஏழு மடங்காக்கிய அதே கொய்வுப் பலவீனம், பிளவுக்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டு ஆபத்தைத் தணித்தும் விடுகிறது. திசைவேறுபாடுள்ள பொருட்களின் வெடிப்பில் யாம் மிகவும் சுவையானதாகக் கருதுவது இதனையே. வெடிப்பு எங்கே தொடங்கும் என்று காட்டும் தகைப்புக் கணக்கு, அது எங்கே செல்லும் என்பதைக் காட்டுவதில்லை.

எங்கே செல்லும் என்ற வினாவை 1964 இல் ஜோன் குக், ஜே. ஈ. கோர்டன் ஆகிய இருவரும் நேரடியாக எடுத்துக்கொண்டனர். வெடிப்பின் முனையில் அதனைத் திறக்க முயலும் இழுவைத் தகைப்போடு, வெடிப்பின் போக்குக்குச் சமாந்தரமாகவும் ஓர் இழுவை உண்டு. அது முனையிலேயே உச்சம் பெறாது, முனைக்குச் சற்று முன்னாலேயே உச்சம் பெறுகிறது; அளவில் முன்னையதின் ஐந்தில் ஒரு பங்கு. எனவே, வெடிப்புக்கு எதிரே ஒரு பலவீனமான இடைமுகம் குறுக்கிட்டு, அதன் வலிமை பொருளின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறைவாயின், வெடிப்பு வந்து சேருமுன்னரே இடைமுகம் திறந்துவிடும். வந்த வெடிப்பு அத்திறப்பினுள் விழுந்து, கூர்மை இழந்து நின்றுவிடும். 1989 இல் ஹே, ஹச்சின்சன் என்போர் இதே வினாவைச் சக்திக் கணக்கால் அணுகினர். இருபுறமும் ஒரே விறைப்பாயின், இடைமுகத்தைப் பிரிக்கும் செலவு எதிரேயுள்ள பொருளை உடைக்கும் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருந்தால் வெடிப்பு திரும்பும். எதிரேயுள்ள பொருள் விறைப்பு மிக்கதாயின், இடைமுகம் அதைவிட உறுதியாக இருந்தாலும் வெடிப்பு திரும்பிவிடும். பிசினில் ஓடிவரும் வெடிப்பு, தன்னைவிடப் பன்மடங்கு விறைப்பான காபன் இழையை எதிர்கொள்ளும்போது, இழையை அறுப்பதைவிட அதன் பக்கமாக வழுக்கிச் செல்வதையே இலாபமாகக் காண்கிறது. தானே நொறுங்கக்கூடிய இழையையும் தானே நொறுங்கக்கூடிய பிசினையும் சேர்த்து நொறுங்காத பொருளொன்றைச் செய்யும் விந்தை இதில்தான் அடங்கியுள்ளது.

இதற்கு ஒரு விலை உண்டு. இழைவழியே வெடிப்புத் திரும்புவது நன்மையாவது, பாரம் இழைவழியே வரும்போது மாத்திரம். பாரம் குறுக்கே வந்தால் அதே வழி அழிவின் வழியாகிறது. குறுக்கே இழுக்கும்போது இழை நீள்வதில்லை எனக் கூறுமளவுக்கு விறைப்பானது. நீட்சி முழுவதும் இழைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய பிசின் இடைவெளிகளில் குவிகிறது. கண்ணாடி இழையின் விறைப்பு 70 கிகாபஸ்கால், பிசினின் விறைப்பு 3 கிகாபஸ்கால், இழையின் கனவளவு நூற்றுக்கு 60 எனக் கொண்டு, இழைகள் சதுர ஒழுங்கில் அமைந்திருப்பதாகவும் கருதிக் கணித்தால், இடைவெளியிலுள்ள பிசின் தகட்டின் சராசரி விகாரத்தைப் போல ஆறு மடங்கு விகாரத்துக்கு உள்ளாகிறது. தகடு நூற்றுக்கு அரைவீதம் நீளும்போது, பிசின் உள்ளூர நூற்றுக்கு மூன்று வீதம் நீள வேண்டியிருக்கும்.

இக்காரணத்தினாலேயே நடைமுறையில் எவரும் ஒரே திசையில் மாத்திரம் இழைகளை இடுவதில்லை. ஒரு படை நெடுக்காக, அடுத்த படை குறுக்காக, இன்னொன்று சாய்வாக எனப் படைகளை மாற்றி மாற்றி அடுக்குகின்றனர். நமது கரையோரங்களில் மரவள்ளங்களின் இடத்தைப் பிடித்துள்ள கண்ணாடி இழை வள்ளங்களில், காரைநகர் சீ-நோர் பட்டறையில் ஆக்கப்பட்டவை உட்பட, பெரும்பாலும் கையாளப்படுவது இன்னொரு வழி: துண்டு இழைகள் ஒழுங்கின்றிக் கிடக்கும் பாய்களைப் பிசினில் நனைத்து அடுக்குவது. அதனால் தகட்டின் தளத்திலே திசைவேறுபாடு இல்லாமற் போகிறது. இழையின் அளவு மாறாதிருப்பினும் விறைப்பு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகிறது. பாறையிலும் மணலிலும் எத்திசையில் மோதும் என்று கூற முடியாத வள்ளத்துக்கு அது பொருத்தமான விலையே என்பது எமது கருத்து.

படைகளைத் திசை மாற்றி அடுக்கும்போது சிக்கல் தீர்வதில்லை. அது இடம் மாறுகிறது. நெடுக்கே இழுத்தால் முதலில் வெடிப்பது குறுக்குப் படை. ஒரு வெடிப்பன்று, சமதூரங்களில் வேலிக் கதியால் நட்டாற்போல ஒன்றன்பின் ஒன்றாகப் பல வெடிப்புகள் தோன்றுகின்றன. தகடு இன்னும் பாரத்தைத் தாங்குகிறது. நெடுக்குப் படைகளுக்கு எதுவும் நேரவில்லை. 1970 களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே பெய்லியும் அவருடன் ஆராய்ந்தோரும் இதிலே ஒரு முக்கியமான உண்மையைக் கண்டனர். குறுக்குப் படை மெல்லிதாகுந்தோறும் அது வெடிப்பதற்குரிய விகாரம் உயர்கிறது. போதிய அளவு மெல்லிதாயின் வெடிப்பே தோன்றுவதில்லை. பொருள் மாறவில்லை, இழை மாறவில்லை, தடிப்பு மாத்திரமே மாறியது. கிறிபித்தின் கணக்கு இங்கும் பொருந்துகிறது: மெல்லிய படை வெடிப்பதால் விடுபடும் சக்தி சிறிது; அயலிலுள்ள விறைப்பான படைகளோ வெடிப்பைத் திறக்கவிடாது இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே திசைப் படைகளை ஒன்றாகக் குவியாது பிரித்து இடவேண்டும் என்ற வடிவமைப்பு வழக்கத்தின் அடிப்படை இதுவே. இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுவது தகும். எப்பொக்சிக் கூட்டுப்பொருட்கள் பெரும்பாலும் 120 முதல் 180 பாகை செல்சியசு வெப்பத்தில் இறுக்கப்படுகின்றன. ஆறும்போது பிசின் சுருங்குகிறது; காபன் இழையோ தன் நீளத்தில் சுருங்குவதே இல்லை எனலாம். ஆகவே எந்தப் பாரமும் ஏறுமுன்னரே, குறுக்குப் படைகள் ஓர் இழுவையைத் தம்முள்ளே சுமந்துகொண்டுதான் பட்டறையை விட்டு வெளியேறுகின்றன.

குறுக்குப் படையின் வெடிப்பு அடுத்த படையை அடைந்ததும் எங்கே போகும்? முன்னர் கண்டவாறு, அது விறைப்பான இழைகளை எதிர்கொண்டு பக்கமாகத் திரும்பி, இரு படைகளுக்கும் இடையே ஊர்கிறது. படை பிரிதல் எனப்படும் இவ்வழிவே கூட்டுப்பொருட்களின் பெருநோய். வெடிப்பு இல்லாமலும் இது தொடங்கலாம். ஒவ்வொரு படையும் இழுக்கப்படும்போது பக்கவாட்டில் வெவ்வேறு அளவு சுருங்க விரும்புகிறது. ஒட்டியிருப்பதால் சுருங்க முடிவதில்லை. அந்த இழுபறி தகட்டின் ஓரங்களிலே படைகளைப் பிரிக்க முனையும் தகைப்பாக வெளிப்படுகிறது. இதனை 1970 இல் பைப்ஸ், பகானோ ஆகியோர் கணித்துக் காட்டினர். தட்டையாக இழுக்கப்படும் தகட்டிலே தடிப்புத் திசையில் தகைப்பு தோன்றும் என்பது அதுவரை பயன்பட்ட எளிய கொள்கையில் இடம்பெறாத ஒன்று.

மோதலிலே இது இன்னும் தெளிவாகும். காபன் தகடொன்றின்மேல் ஓர் ஆயுதம் தவறி விழுந்தால் மேற்பரப்பில் சிறு தழும்பு மாத்திரம் தெரியும். உள்ளே, ஒவ்வோர் இடைமுகத்திலும் படைகள் பிரிந்திருக்கும். மீயொலியால் அவற்றைப் பார்க்கும்போது வட்டமாக அன்றிக் கச்சான் கோதின் வடிவிலே காணப்படும். கோதின் நீண்ட அச்சு கீழ்ப் படையின் இழைத்திசையிலே அமையும். அடுத்தடுத்த படைகள் வளைவதற்கு எதிராகக் காட்டும் விறைப்பிலுள்ள பொருத்தமின்மையே இதற்குக் காரணம் என 1988 இல் லியு விளக்கினார். ஒரே திசைப் படைகள் இரண்டுக்கிடையே இப்பிரிவு தோன்றுவதில்லை. நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடத்திலேயே அது பெரிதாகிறது. பிரிந்த ஏடுகள் இழுவையைத் தாங்கும், அமுக்கத்தைத் தாங்கா. தனித்தனியே மெல்லியவாதலால் அவை மடிந்துவிடும்.

இவ்வறிவு நூலகங்களில் மாத்திரம் பெறப்பட்டதன்று. பிரித்தானியாவின் பான்பரோவிலுள்ள அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் 1960 களில் உருவான வலிமைமிக்க காபன் இழையை நம்பி, றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் தனது ஆர்.பி. 211 இயந்திரத்தின் முன்விசிறி அலகுகளை ஹைபில் என்னும் காபன் கூட்டுப்பொருளால் ஆக்க முற்பட்டது. விசிறி சுழலும்போது அலகின் நீளத்திசையில் எழும் பெரும் இழுவையைத் தாங்க அதைவிடச் சிறந்த பொருள் இருக்கவில்லை. ஆனால் விமான இயந்திரத்தினுள் பறவைகளும் புகும். பறவை மோதுவது அலகின் முகத்துக்குக் குறுக்காக. அத்திசையைக் காக்க இழை இல்லை. 1970 இல் நடந்த பறவை மோதற் பரிசோதனையிலே அலகுகள் சிதறின. நிறுவனம் தைற்றேனிய அலகுகளுக்குத் திரும்பிற்று, செலவு கட்டுமீறியது, 1971 பெப்ரவரி 4 ஆம் திகதி நிறுவனம் முறிவடைந்து, பின்னர் அரசுடைமையாயிற்று. அலகு மாத்திரமே அம்முறிவுக்குக் காரணம் என்பது மிகைப்படக் கூறலாகும். இயந்திர உருவாக்கத்தின் மொத்தச் செலவே அதனை வீழ்த்தியது. கிறிபித் தம் வாழ்வின் முற்பகுதியைப் பான்பரோவிலும் பிற்பகுதியை றோல்ஸ் றொய்சிலும் கழித்தவர் என்பதை எண்ணும்போது இந்த வரலாறு சற்று வியப்பளிக்கிறது. காபன் கூட்டுப்பொருளால் ஆன விசிறி அலகுகள் 1995 இல் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தின் ஜீ.ஈ. 90 இயந்திரத்தில் சேவைக்கு வந்தன. அவற்றின் முன்விளிம்பு தைற்றேனியத்தால் மூடப்பட்டிருந்தது.

இனி, அமுக்கம். இழையை இழுக்கும்போது அதன் வலிமை இழையுடையது, அமுக்கும்போது அவ்வாறன்று. நெருக்கப்படும் இழைகள் பக்கவாட்டில் வளைந்து மடிய முனைகின்றன. அவற்றை மடியாது பிடித்திருப்பது பிசினின் கொய்வு எதிர்ப்பே. 1972 இல் ஆர்கன் தந்த எளிய விதியின்படி, பிசினின் கொய்வு வலிமையை இழைகள் நேர்கோட்டிலிருந்து விலகிய கோணத்தால் வகுத்தால் அமுக்க வலிமை கிடைக்கும். பிசினின் கொய்வு வலிமை 60 மெகாபஸ்கால், விலகல் 2 பாகை என்றால், அமுக்க வலிமை 1,700 மெகாபஸ்கால் அளவாகும். விலகல் 4 பாகையானால் அது அரைவாசி. செய்முறையில் ஏற்பட்ட ஒரு சிறு சுருக்கம், கண்ணுக்குப் புலப்படாத ஓர் அலை, வலிமையை இரண்டாக வகுத்துவிடுகிறது. விலையுயர்ந்த இழையின் தரம் அங்கே செல்லாக் காசு.

டைற்றானிக் கப்பலின் சிதைவுகளைக் காட்டப் பணக்காரப் பயணிகளை ஏற்றிச்சென்ற டைற்றன் என்னும் நீர்மூழ்கியின் உடல், 5 அங்குலத் தடிப்புள்ள காபன் கூட்டுப்பொருட் குழாய். அது ஓரங்குலத் தடிப்புள்ள ஐந்து படலங்களாக, ஒன்றை இறுக்கியபின் அதன்மேல் மற்றொன்றைப் பசையால் ஒட்டி ஆக்கப்பட்டது. 3,800 மீற்றர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 380 வளிமண்டலம். உள்விட்டம் 1.4 மீற்றர் அளவான அக்குழாயின் சுற்றுத்திசையில் எழும் சராசரித் தகைப்பை நாம் கணித்துப் பார்த்தால் 230 மெகாபஸ்கால் அளவே வருகிறது. காபன் கூட்டுப்பொருளின் அமுக்க வலிமையாக அட்டவணைகளில் காணப்படும் எண்ணுக்கு இது மிகவும் குறைவு. ஓர் எண்ணைக் கேட்டுத் திருப்தியடைபவருக்கு இது போதுமான பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் குழாயின் தடிப்புத் திசையில் ஓர் இழையும் இல்லை. அத்திசையில் படலங்களைப் பிணைத்திருந்தது பிசினும் பசையுமே. விபத்தின் பின் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்த மாதிரிகளிலே இழைச் சுருக்கங்களும் நுண்துளைகளும் வெற்றிடங்களும் காணப்பட்டன.

எந்தத் தரச்சான்று அமைப்பும் அந்நீர்மூழ்கியைச் சோதித்து ஏற்கவில்லை. நிறுவனமே அதனை நாடவில்லை. 2018 இல் பாதுகாப்புப் பற்றி எழுத்தில் எச்சரித்த அந்நிறுவனத்தின் பொறுப்பதிகாரி ஒருவர் பணிநீக்கப்பட்டார். சோதனைக்குப் பதிலாக, உடலில் இழைகள் முறியும் ஒலியைக் கேட்டு ஆபத்தை முன்னறியலாம் என்று நிறுவனம் கூறிற்று. ஏதோ ஒன்று முறிந்தது என்பதை ஒலி கூறும். அது எந்தப் படையில், எத்திசையில், இழையிலா இடைமுகத்திலா என்பதைக் கூறாது. இலாபம் தேடும் அவசரத்தில் அவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, அவ்விபத்து தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்று முடிவு செய்தது.

2022 யூலை 15 ஆம் திகதி, எண்பதாவது மூழ்கலிலிருந்து மேலெழுந்தபோது பயணிகள் ஒரு பேரோசையைக் கேட்டனர். அதன்பின் நடந்த மூழ்கல்களிலே உடலில் பொருத்தப்பட்ட விகார மானிகள் முன்னரைப் போலன்றி வேறு விதமாகப் பதிவு செய்தன. அம்மாற்றத்தின் பொருளை எவரும் ஆராயவில்லை. நீர்மூழ்கி கனடாவின் சென் ஜோன்ஸ் நகரிலே, குளிர்காலம் முழுவதும் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டிருந்தது. 2023 யூன் 18 ஆம் திகதி, 3,300 மீற்றர் ஆழத்தைக் கடந்த வேளையில் அது உள்நோக்கி நொறுங்கிற்று. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட காபன் துண்டுகள் பல, பசைப் பரப்புகளை ஒட்டியவாறு ஏடேடாகப் பிரிந்திருந்தன.